நாவும் ஒரு கருவியே

பேச்சுக் கலை அரசியலார்க்கும் இலக்கிய மாணவர்க்கும் உரியது. அறிவியல் பயில்வோனுக்குச் சோதனைக் கூடமும் கணக்கும் போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். எந்நேரமும் ஆய்வில் மூழ்கியிருக்கும் நண்பர்கள்கூடக் கருத்தரங்கில் பேசும் நாள் நெருங்கினால் காய்ச்சல் கண்டவர்போல் ஆகிவிடுவதை நான் காண்கிறேன். அத்தகைய அன்பர்களை எண்ணியே மைக்கேல் பாரடேயின் வரலாற்றை இங்கு எழுதத் துணிந்தேன். காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க வழி கண்டவர் என்று அவரை யாவரும் அறிவர். அவர் பாடுபட்டுப் பேசக் கற்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1791 செப்டம்பர் 22இல் இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தார் பாரடே. எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. 1805இல், பதினான்காம் வயதில், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

1810இல் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தி வந்தார். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் சிறுவனுக்கு அது பெருந்தொகை. கொல்லுலையில் உழைத்து வந்த அண்ணன் இராபர்ட் அந்தக் காசைக் கொடுத்துத் தம்பியை அனுப்பினார். அங்கே கூடிய இளைஞர்கள் நகரத் தத்துவக் கழகம் என்ற அமைப்பில் உறுப்பினராக இருந்தனர். பெருஞ்செல்வர் மக்களல்லர்; பகலெல்லாம் வேலை செய்து மாலையில் அறிவு தேடி வந்தவர்கள். அவர்களே முறைவைத்துப் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டு விவாதிப்பார்கள். பாரடேக்குக் கிடைத்த கல்லூரி அதுதான்.

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டுத் தர, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, விரித்தெழுதி, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு முதல் நாள் அங்கே உதவியாளரானார்.

நான் வியப்பது அதற்குப் பின் நிகழ்ந்ததை. மேடைக்குப் பக்கத்தில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது, பேசுவோரையும் கேட்போரையும் அவர் ஆராயத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே நண்பர் அபட்டுக்குத் தாம் கண்டவற்றை நீண்ட கடிதங்களாக எழுதினார். மண்டபத்தில் நல்ல காற்று வரவேண்டும். சோதனை எல்லோர் கண்ணுக்கும் தெரியவேண்டும். பேசுவோர் அவையோருக்கு முதுகு காட்டலாகாது, விரைந்து பேசலாகாது, ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றெல்லாம் வகுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. மேடை ஏறிச் சொற்பொழிவு செய்ததில்லை!

1816 சனவரி 17இல்தான் நகரத் தத்துவக் கழகத்தில் முதல் சொற்பொழிவு ஆற்றினார். 1818இல் ஸ்மார்ட் என்னும் ஆசிரியர் மாலையில் நடத்திய பேச்சுக்கலை வகுப்புகளுக்குச் சென்று, நூறு பக்கங்களுக்குமேல் குறிப்பெழுதினார். மக்ராத் என்ற நண்பர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பாரடே படிப்பதைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்தினார். இவ்வுதவி ஏழாண்டுகள் நீடித்தது. இதுவன்றி, ஐந்தாறு நண்பர்கள் கூடி ஒருவர் படிக்க மற்றவர் குற்றம் கண்டு திருத்தும் வழக்கமும் இருந்தது. அங்கே தாட்சணியத்துக்கு இடமில்லை.

1825இல் பாரடே ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், இளைஞர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் அவரால் புகழ்பெற்றன. 1827 முதல் 1860 வரை பத்தொன்பது கிறிஸ்துமஸ் தொடர்களை அவரே நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, அதன் சுடரிலிருந்து வேதியியலின் அடிப்படைகளை விளக்கிய தொடர் 1861இல் நூலாயிற்று. புகழ் வந்த பின்னும் அவர் தம்மை நம்பிவிடவில்லை. வேகமாகப் பேசினால் மெதுவாக என்றும், காலம் முடிந்தால் நேரம் என்றும் எழுதிய அட்டைகளை முன்னே வைக்கும்படி உதவியாளரிடம் சொல்லியிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அவருக்கு உயர் கணிதம் தெரியாது. சொல்லாலும் படத்தாலுமே இயற்கையைச் சிந்தித்தார். சொல் போதாதபோது அறிஞர் ஹியூவெலைக் கலந்து 1834இல் புதுச்சொற்களை வழங்கினார். இன்று நாம் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று படிப்பவை அவற்றின் தமிழாக்கங்களே. அவருடைய விசைக் கோடுகளை மாக்ஸ்வெல் பின்னர்க் கணிதமாக்கினார். சர் பட்டத்தை மறுத்து எளியராகவே வாழ்ந்த பாரடே 1867 ஆகஸ்டு 25இல் மறைந்தார்.

நாவன்மை பிறவியில் வருவது என்பாருக்கு இவ்வாழ்க்கையே விடை. துலாக்கோலைப் பழகுவதுபோல் நாவையும் பழக்கினார் பாரடே. அதற்கு அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு மாலைப்பொழுதும், கூசாமல் திருத்தும் சில நண்பர்களும்தாம்.

ஊரைவிட்டு வந்து, வகுப்பில் ஆங்கிலமும் கடைத்தெருவில் இந்தியும் பேசும் நமக்கு இது பெரிதும் வேண்டும். நம்மில் பலருடைய படிப்புக்கும் பின்னால் ஓர் அண்ணனின் ஷில்லிங் இருக்கிறது. அவர் நம் ஆய்வு என்னவென்று கேட்டால் தமிழில் தெளிவாகச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்? நம் சங்கக் கூட்டத்தில் வாரம் அரைமணி ஒதுக்குவோம். ஒருவர் தம் ஆய்வைத் தமிழில் கூறட்டும். மற்றவர் தாட்சணியமின்றித் திருத்தட்டும். முதல் வாரம் பேச என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.