சாஸ்திரம் ஒன்று, தீர்ப்பு இரண்டு: சரபோஜியின் அரியணையை முடிவு செய்தது யார்?

சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட உட்காருகிறார்கள். கோட்டைச் சுவரில் தொங்கும் கொடித்துணியைப் பிடித்துக் கீழே இறங்குவேன் என்கிறார் ஒருவர். விதிப் புத்தகத்தில் கயிறு பற்றி இருக்கிறது, துணி பற்றி இல்லை. இப்போ என்ன செய்வது? எழுதியதை எழுத்துக்கு எழுத்து எடுப்பதா, எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று பார்ப்பதா?

கடைசி வார்த்தை, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டருடையது. இந்த ஆட்டம் 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. ஆனால் நடுவர் வைத்து ஆடும் வழக்கம் அதற்கும் முந்தையது. 1824-லேயே பிரஷ்ய ராணுவத்தின் போர் விளையாட்டில் நடுவர் இருந்தார். அவர் சொல்வதை எல்லோரும் ஏற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: யார் ஜெயித்தாலும் அவருக்கு லாபம் கிடையாது.

சரி, அந்த நடுவருக்கே ஆட்டத்தில் பங்கு இருந்தால்? அதே காலகட்டத்தில் தஞ்சாவூரில் அப்படித்தான் நடந்தது. பந்தயம், காவிரி டெல்டாவின் நெல் வருமானம்.

யார் இந்த சரபோஜி?

சத்ரபதி சிவாஜிக்கு வேறு தாய் வழித் தம்பி ஏகோஜி. அவர் தொடங்கிய மராட்டிய அரச வம்சம் 17-ம் நூற்றாண்டிலிருந்து தஞ்சாவூரை ஆண்டது. அந்த வரிசையில் வந்த மன்னர் துளஜாவின் பிள்ளைகள் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். நோய்ப்படுக்கையில் இருந்த அவர், 1787 ஜனவரியில் போன்ஸ்லே குடும்பக் கிளை ஒன்றிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். 1777-ல் பிறந்த அந்தப் பையன்தான் பின்னாளில் இரண்டாம் சரபோஜி.

பையனைப் பார்த்துக்கொள்ளும்படி துளஜா கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர், தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். கொஞ்ச நாளிலேயே துளஜா இறந்துபோனார். அவருடைய தம்பி முறையான அமர்சிங், இந்தத் தத்து செல்லாது, அரியணை தனக்கே என்றார்.

விதி என்ன சொன்னது?

அப்போது தஞ்சாவூர் பெயருக்குத்தான் தனி அரசு. படை, கடன், பாதுகாப்பு எல்லாவற்றிலும் கிழக்கிந்திய கம்பெனியின் பிடி இருந்தது. அதனால் நடுவர் நாற்காலியில் கம்பெனியே உட்கார்ந்தது. சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல், சாஸ்திரம் தெரிந்த பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டார்.

தத்துக்கு எதிராக வந்த ஆட்சேபங்கள் முக்கியமாக மூன்று. பையன் தன் பெற்றோருக்கு ஒரே மகன். தத்து எடுக்கும் வயதைத் தாண்டியவன். தத்தெடுத்தபோது துளஜா தெளிவான மனநிலையில் இல்லை.

முதல் ஆட்சேபத்துக்கு நூல் ஆதாரமே உண்டு. வசிட்டர் பெயரில் உள்ள தர்மசூத்திரம், ஒரே மகனைத் தத்து கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. பெற்ற குடும்பத்தின் வம்சம் அறுந்துவிடக் கூடாது என்பது அது சொல்லும் காரணம்.

தத்து செல்லாது என்று முடிவானது. 1787-ல் அமர்சிங் அரியணை ஏறினார். அதே ஆண்டிலேயே கம்பெனிக்குப் பெரிய தொகைகள் கட்டுவதாக ஒப்பந்தமும் போட்டார்.

இரண்டாவது தீர்ப்பு எப்படி வந்தது?

பத்து வயதில் அரியணையை இழந்த பையனுக்கு அரண்மனையே பாதுகாப்பான இடமாக இல்லை. அவனுடைய நிலைமை பற்றி ஸ்வார்ட்ஸ் கம்பெனிக்கு விடாமல் முறையிட்டார். 1793-ல் சரபோஜியும் துளஜாவின் விதவை ராணிகளும் சென்னைக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே அவருக்குப் பாடம் தொடர்ந்தது.

இன்னொரு பக்கம், பழைய வழக்கு மறுபடி திறந்தது. முதலில் கருத்துச் சொன்ன பண்டிதர்கள் பணத்துக்கு மடங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காசி உள்ளிட்ட இடங்களின் பண்டிதர்களிடம் கம்பெனி திரும்பவும் கேட்டது. இந்த முறை வந்த பதில், தத்து செல்லும்.

நூல் மாறவில்லை, பையனும் மாறவில்லை. கூடாது என்ற சொல்லை முன்பு தடையாக வாசித்தார்கள், இப்போது அது தத்தைக் கவிழ்க்கப் போதவில்லை. 1798 ஜூனில் அமர்சிங் இறக்கப்பட்டார், 20 வயது சரபோஜி ஏறினார். தனக்காகப் போராடிய ஸ்வார்ட்ஸ் அந்த நாளைப் பார்க்கவில்லை. சில மாதங்களுக்கு முன், பிப்ரவரியில் காலமாகியிருந்தார்.

ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது?

அடுத்த ஆண்டே பில் வந்தது. 1799 அக்டோபர் ஒப்பந்தப்படி, நாட்டின் நிர்வாகம் முழுக்க கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சாவூர்க் கோட்டையும் அரண்மனையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அமர்சிங்குக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள், அவர் திருவிடைமருதூரில் குடியேறினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தீர்ப்பில் கம்பெனிக்குப் பணம் வந்தது, இரண்டாவதில் நாடே வந்தது. பையனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று மனசார நினைத்தவர்கள் இருந்தார்கள், ஸ்வார்ட்ஸ் அவர்களில் ஒருவர். ஆனால் தீர்ப்பு சொன்ன கைதான் வரியையும் வசூலித்தது.

கோட்டைக்குள் ஒரு ராஜா என்ன செய்தார்?

படை கிடையாது, வரி கிடையாது. எது தடுக்கப்படவில்லையோ அதையெல்லாம் செய்தார் சரபோஜி.

நாயக்கர் காலத்திலேயே அரண்மனையில் ஒரு ஏட்டுச் சுவடித் தொகுப்பு இருந்தது. அதைப் பெரிய நூலகமாக வளர்த்தார். 1820-ல் கிளம்பிய காசி யாத்திரையிலும் சுவடிகளைத் திரட்டினார். அதுதான் இன்றைய சரஸ்வதி மகால். 1805-ல் அரண்மனைக்குள் தேவநாகரி எழுத்தோடு அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், ஆங்கில மருத்துவம் எல்லாம் சேர்ந்து நடந்தன. அங்கே கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள், கண் படங்களோடு இன்னும் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டினார், அங்கே சாப்பாட்டோடு படிப்பும் கிடைத்தது.

அடுத்த பக்கமும் உண்டு. நெப்போலியனைக் கம்பெனிக்காரர்களின் நாடு வென்றதைக் கொண்டாட, பட்டுக்கோட்டை அருகே கடலோரத்தில் மனோரா கோபுரம் எழுப்பியவரும் இவர்தான். நடுவரைப் பகைத்துக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. 1832 மார்ச்சில் இறந்தார்.

மூன்றாவது தடவை நடுவர் என்ன சொன்னார்?

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்ஜியத்தை முடித்துவைத்து, குடும்பத்தின் தனிச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் கோர்ட்டுக்குப் போனார். சென்னை சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. இது ஓர் அரசு இன்னோர் அரசின் மீது எடுத்த நடவடிக்கை, இதை விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்பது காரணம்.

அதாவது, இந்த முறை விதியை யாரும் வாசிக்கவே இல்லை. 1862-ல் சொத்து திரும்ப வந்தது, உரிமையாக இல்லாமல் சலுகையாக.

அப்போ ஒரே மகன் விதி என்ன ஆனது?

1899-ல் வேறு வழக்குகளில் பிரிவி கவுன்சில் அதை முடித்துவைத்தது. சாஸ்திரம் சொன்னது அறிவுரை, மீறினால் தத்து செல்லாமல் போகாது என்றது. இன்றைய 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்திலும் ஒரே மகன் என்பது தடை இல்லை. சரபோஜிக்கு எதிராக நின்ற முதல் வாதம், அவர் இறந்து 67 ஆண்டுக்குப் பிறகு செல்லாததானது.

விதிகளில் இடைவெளி எப்போதும் இருக்கும், யாராவது விளக்கித்தான் ஆக வேண்டும். ஆபீஸ் பாலிசியோ, அபார்ட்மென்ட் சங்க விதியோ, அதை விளக்குகிறவருக்கு அந்த முடிவில் என்ன கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த தடவை தஞ்சாவூர் பெரிய கோவிலுக்குப் போனால், தென்மேற்குப் பக்கச் சுவரில் நீளமான மராத்திக் கல்வெட்டு ஒன்றைப் பார்க்கலாம். 1803-ல் சரபோஜி வெட்டவைத்த தன் வம்ச வரலாறு அது. ஆள நாடு இல்லாத ராஜா, நான் யார் வாரிசு என்பதை அங்கேதான் எழுதிவைத்தார்.