தாதாசாகெப் பால்கே

துண்டிராஜ் கோவிந்த் பால்கே என்னும் இயற்பெயர் கொண்ட தாதாசாகெப் பால்கே (ஏப்ரல் 30, 1870 - பெப்ரவரி 16, 1944) இந்தியத் திரைப்படத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படும் ராஜா அரிச்சந்திராவைத் தயாரித்து இயக்கினார். தந்திரக் காட்சிகளை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

இளமையும் தொழிலும்

மகாராட்டிரத்தில் நாசிக்கை அடுத்த திரிம்பக்கில் பிறந்தார். 1885 இல் மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் பரோடா கலாபவனில் பயின்றார். ஓவியம், ஒளிப்படம், அச்சுக்கலை, செப்படி வித்தை ஆகிய நான்கிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். இந்நான்கும் பிற்காலத்தில் இவருக்குத் திரையில் பயன்பட்டன.

திரைப்பட முயற்சி

1911 இல் மும்பையில் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படம் ஒன்றைக் கண்ட பால்கே, இந்தியப் புராணங்களையும் அவ்வாறு படமாக்க எண்ணினார். இடைவிடாத உழைப்பால் கண்பார்வை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் மீண்டது. 1912 இல் இலண்டன் சென்று, செசில் எப்வொர்த்தின் படப்பிடிப்பகத்தில் தொழில்நுட்பத்தைக் கண்டறிந்து, வில்லியம்சன் படக்கருவியுடன் திரும்பினார்.

பட்டாணிச் செடி ஒன்று முளைத்து வளர்வதை, இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டமாகப் பல நாட்கள் படம்பிடித்தார். ஓடவிட்டபோது செடி சில நொடிகளில் வளர்ந்தது. இதைக் காட்டியே பணம் திரட்டினார். போதாத தொகைக்கு மனைவி சரசுவதிபாயின் நகைகள் அடகு வைக்கப்பட்டன. ராஜா அரிச்சந்திரா 1913 மே 3 அன்று மும்பை கொரோனேசன் அரங்கில் வெளியானது.

தந்திரக் காட்சிகள்

இன்று வரைகலையும் சிறப்பு விளைவுகளும் கணினியில் தனியே உருவாக்கப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன. பால்கே காலத்தில் அவை பெரும்பாலும் படக்கருவிக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். கருவியை நிறுத்தி, நடிகரை நிற்கவைத்து மீண்டும் இயக்கினால், திரையில் கடவுள் திடீரெனத் தோன்றுவார். சட்டத்தின் ஒரு பகுதியை மறைத்துப் பதிவு செய்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபகுதியைப் பதிவதும் உண்டு. கணக்குத் தவறினால் முன்பு எடுத்ததும் சேர்ந்தே வீணாகும்.

சிறீ கிருட்டிண ஜன்மா (1918) படத்தில் கம்சனின் தலை உடலிலிருந்து பிரிந்து மிதப்பதாகக் காட்டினார். காளிய மர்த்தனத்தில் (1919) மகள் மந்தாகினி கண்ணனாக நடித்தார்.

சரசுவதிபாயின் பங்கு

அக்காலத்தில் படச்சுருள் துளையிடப்படாமலே கிடைத்தது. சரசுவதிபாய் இருட்டறையில் அதன் ஓரங்களில் துளையிட்டார், வேதிப்பொருள் கலந்து சுருளைக் கழுவினார், படத்தொகுப்பிலும் உதவினார். துளைகள் சீராக இல்லாவிடின் காட்சி நடுங்கும். தந்திரக் காட்சியில் அது உடனே வெளிப்பட்டுவிடும். ஆகவே பால்கேயின் வித்தைகள் இவரது கைத்திறனையும் சார்ந்திருந்தன.

இறுதிக்காலம்

பேசும்படங்களின் வருகைக்குப் பின் பால்கேயின் செல்வாக்கு குறைந்தது. கங்காவதரண் (1937) இவர் இயக்கிய ஒரே பேசும்படமும் கடைசிப் படமும் ஆகும். 1944 இல் நாசிக்கில் காலமானார். இவரது படங்களால் தூண்டப்பட்ட ஆர். நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படமான கீசக வதத்தைச் சென்னையில் எடுத்தார். இந்திய அரசு 1969 இல் இவர் பெயரில் விருதொன்றை நிறுவியது.