விழுங்கிய பொருளை எடுத்த டாக்டர்

அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற நகரம் இருக்கிறது. அங்கு "மூட்டர் மியூசியம்" என்னும் மருத்துவப் பொருட்காட்சி சாலை உண்டு.

அதில் உள்ள சில இழுப்பறைகளைத் திறந்தால், ஊக்கு, ஆணி, பொத்தான், நாணயம், எலும்புத் துண்டு, பல் செட் என்று வரிசையாக இருக்கும். மொத்தம் 2,374 பொருள்கள்!

எல்லாம் மனிதர்கள் தவறி விழுங்கியவை. அல்லது மூச்சுக் குழாய்க்குள் போனவை. அவற்றைச் சேர்த்து வைத்தவர் டாக்டர் செவாலியர் ஜாக்சன். (செவாலியர் என்பது பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயரே அதுதான்!)

குழியில் தள்ளினார்கள்

ஜாக்சன் 1865-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சிறு வயதில் மெலிந்த உடம்பு. பள்ளிக்கூடத்து முரட்டுப் பையன்கள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். ஒரு நாள் கண்ணைக் கட்டி, நிலக்கரிச் சுரங்கக் குழியில் தள்ளி விட்டார்கள். ஒரு நாய் மோப்பம் பிடித்ததால் உயிர் தப்பினார்.

வீட்டில் வசதி இல்லை. கண்ணாடிச் சாமான்களிலும் பீங்கானிலும் பூ வேலை செய்தும், மருத்துவப் புத்தகங்களை விற்றும் படித்தார். 1886-ல் பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் பெற்று, பிட்ஸ்பர்க் திரும்பி, தொண்டை வைத்தியம் தொடங்கினார்.

பல் செட் வந்தது, பழியும் வந்தது

அந்தக் காலத்தில் தொண்டைக்குக் கீழே ஒரு பொருள் சிக்கினால் கதி மோசம். டாக்டர்கள் கொக்கியை விட்டுத் துழாவுவார்கள். அல்லது கோலால் கீழே தள்ளுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உணவுக் குழாய் கிழிந்தால் சீழ் பிடித்துச் சாவுதான்.

கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும் என்று ஜாக்சன் நினைத்தார். தலையைச் சரியாகச் சாய்த்துப் பிடித்தால் வாயில் இருந்து வயிறு வரை நேர் வழி கிடைக்கும். கத்தி விழுங்கும் வித்தைக்காரன் செய்வது இதைத்தான். 1890-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு குழாய்க் கருவி செய்தார். அதைக் கொண்டு, பெரியவர் ஒருவர் விழுங்கிய பல் செட்டை வெளியே எடுத்தார். பிறகு ஒரு குழந்தை விழுங்கிய நாணயத்தையும் எடுத்தார்.

மற்ற டாக்டர்களும் அந்தக் கருவியை வாங்கினார்கள். ஆனால் பழக்கம் இல்லாத கைகள்! அவசரப்பட்டுக் குத்தியதில் நோயாளிகள் சிலர் உயிர் இழந்தனர். ஜாக்சன் மனம் நொந்து போனார். தம் கருவியைப் பரப்புவதையே நிறுத்தி விட்டார். பெயரும் பணமும் தேடி வரும் நேரத்தில் இப்படிச் செய்ய யாருக்கு மனம் வரும்?

நுனியில் விளக்கு

1904-ல் குழாயின் உள் நுனியில் சிறு மின்விளக்கு வைத்த கருவியைக் கொண்டு வந்தார். இருட்டு விலகியது.

இந்த முறை, பழகாதவர் கருவியைத் தொடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவரே அப்படித்தான். நோயாளி விழுங்கியதைப் போன்ற இன்னொரு பொருளை வாங்கி, ரப்பர்க் குழாய்க்குள் போட்டு, எடுத்து எடுத்துப் பழகுவார். அதன் பிறகே நோயாளியிடம் போவார். இரண்டு கையும் அவருக்கு ஒன்றுபோல் வேலை செய்யும்.

திறந்த ஊக்கு, முனை மேலே பார்த்துச் சிக்கி இருந்தால் இழுக்கக் கூடாது, கிழித்து விடும். ஜாக்சன் அதை மெல்ல வயிற்றுக்குள் கொண்டு போவார். அங்கே இடம் தாராளம். ஊக்கைத் திருப்பி, வளைந்த பக்கத்தைப் பிடித்து இழுப்பார். கூர்முனை தீங்கு செய்யாமல் பின்னால் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விழுங்கியதே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. பல் செட் கட்டியவர்களுக்கு மேல் அண்ணம் மூடி இருப்பதால், வாயில் எலும்பு கிடப்பது தெரியாது. ஆணியை வாயில் கவ்வும் தச்சரும், குண்டூசியைக் கவ்வும் தையற்காரரும் ஒரு தும்மலில் ஆபத்தில் விழுவார்கள். பொருள் மூச்சுக் குழாய்க்குள் போனால் இருமலும் இழுப்பும் வரும். ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். இழுப்பு எல்லாம் ஆஸ்துமா ஆகாது என்று ஜாக்சன் எச்சரித்தார்.

எக்ஸ்-ரே படத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும். மீன் முள்ளும் இறைச்சியும் பிளாஸ்டிக்கும் பல சமயம் தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருக்கிறது என்று சும்மா இருக்கக் கூடாது.

விழுங்கிய சிறு பொருள்களில் பெரும்பாலானவை வயிற்றுக்குப் போய்த் தானே வெளியேறும். ஆனால் எச்சில்கூட இறங்கவில்லை என்றாலோ, பொருள் கூர்மையானது என்றாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வட்ட பேட்டரி தொண்டையில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கி விடும். சோற்று உருண்டையை விழுங்கி முள்ளைத் தள்ளுவது நம் வீட்டு வழக்கம். கண்ணால் பாராமல் தள்ளுவதை அன்றே ஜாக்சன் கண்டித்தார்.

சட்டம் வந்தது

1911-ல் அவருக்குக் காச நோய் கண்டது. படுக்கையில் கிடந்தபடியே பெரிய மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். அது 1914-ல் வெளிவந்தது. படங்களையும் தாமே வரைந்தார்.

1916-ல் பிலடெல்பியாவுக்குப் போனார். வேறொரு கொடுமையும் அவரை வாட்டியது. வீடுகளில் சுத்தம் செய்ய வைத்திருந்த காஸ்டிக் காரத்தைச் சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் தின்றார்கள். தொண்டை வெந்து, உணவுக் குழாய் சுருங்கியது. ஒரு சிறுமிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஜாக்சன் அடைப்பை நீக்கினார். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், இறங்கியது. உடனே டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

டப்பாக்களில் விஷம் என்று அச்சிட வேண்டும் என ஜாக்சன் பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் அமெரிக்க அரசாங்கம் அதற்குச் சட்டம் செய்தது.

கடைசிக் காலத்தில் பழைய ஆலை ஒன்றின் அருகே வீட்டில் வாழ்ந்து, படம் வரைந்து பொழுது போக்கினார். 1958 ஆகஸ்டு 16-ந் தேதி, தமது 92-வது வயதில் காலமானார்.