எண்ணுக்குப் பெயரானவர்

நுழையும்முன்

நெல்லை மணி மணியாக எண்ணுவார் இல்லை; மரக்காலால் அளப்பர். அணுவும் மூலக்கூறும் நெல்மணியினும் எத்தனையோ கோடி மடங்கு சிறியன, கண்ணுக்குப் புலப்படாதன. அவற்றை அளந்தறிய வேதியியலார் கொண்டுள்ள மரக்காலே மோல். அம்மரக்காலுக்கு அடித்தளம் இட்டவர், அதன் அளவை அறியாமலே மறைந்தார். அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

சட்டத்திலிருந்து அறிவியலுக்கு

இத்தாலியின் வடபகுதியில் உள்ள டூரின் நகரில் 1776 ஆகஸ்ட் 9 அன்று அமெதியோ அவகாட்ரோ பிறந்தார். தந்தையார் பிலிப்போ, நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். குடும்ப மரபை ஒட்டி மகனும் சட்டம் பயின்று, இருபதாம் வயதில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வழக்குரைஞர் தொழில் அவருக்குச் செல்வமும் மதிப்பும் தரக் காத்திருந்தது. எனினும் அவர் உள்ளம் இயற்கையின் சட்டங்களையே நாடியது. 1800 அளவில் கணிதத்தையும் இயற்பியலையும் தாமே கற்கத் தொடங்கினார். 1809 இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் இயற்கை அறிவியல் பேராசிரியர் ஆனார்.

வேதியியலின் முடிச்சு

அக்காலத்தில் வேதியியல் ஒரு முடிச்சில் சிக்கியிருந்தது. பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்றும், அணுவைப் பிளக்க இயலாது என்றும் ஆங்கிலேய அறிஞர் ஜான் டால்டன் கூறினார். பிரெஞ்சு அறிஞர் கே-லூசாக், வாயுக்கள் எளிய முழுஎண் விகிதப் பருமன்களில் கூடுகின்றன என்று கண்டார். இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரு பங்கு நீராவி கிடைக்கும்.

இங்கேதான் இடர் எழுந்தது. சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள்கள் உள்ளன என்று கொண்டால், ஓர் ஆக்சிஜன் துகள் இரண்டு நீராவித் துகள்களுக்குள் புக வேண்டும். அத்துகள் அணுவாயின், அணு இரண்டாகப் பிளந்தாக வேண்டும். அதை டால்டனால் ஏற்க இயலவில்லை.

1811 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட கட்டுரையில் அவகாட்ரோ அம்முடிச்சை அவிழ்த்தார். ஆக்சிஜன் வாயுவின் துகள் தனி அணு அன்று. இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு. வினையின்போது பிளவது மூலக்கூறே, அணு அன்று. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம பருமன் வாயுக்கள் அனைத்தும் சம எண்ணிக்கை மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்பது அவர் கருதுகோள்.

இதன் பயன் பெரிது. சம பருமன் ஹைட்ரஜனைவிட ஆக்சிஜன் 16 மடங்கு கனமானது. அப்படியாயின் ஆக்சிஜன் மூலக்கூறும் ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல் 16 மடங்கு கனமானதாகும். எனவே 2 கிராம் ஹைட்ரஜனிலும் 32 கிராம் ஆக்சிஜனிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. எத்தனை என்று தெரியாமலே இரண்டும் சமம் என அறிய முடிந்தது. எடையைக் கொண்டு எண்ணிக்கையை ஒப்பிடும் வழி திறந்தது.

அரைநூற்றாண்டுப் புறக்கணிப்பு

ஆயினும் அவ்வழியில் நடப்பார் இல்லை. ஒரே தனிமத்தின் அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று, அக்கால வேதியியலில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பெர்சீலியஸ் கருதினார். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்திருக்கும் என்ற கூற்று அவருடைய கொள்கைக்கு முரணானது.

அவகாட்ரோ 1820 இல் டூரின் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு அந்நாட்டில் கிளர்ச்சி எழுந்து அடங்கியது. அதன் பின்விளைவாக அவர் பதவியை இழந்தார். 1834 இல்தான் அப்பதவி மீண்டும் கிட்டியது. விளம்பரம் நாடாத அவர், 1850 வரை அமைதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1856 ஜூலை 9 அன்று காலமானார்.

இதற்கிடையே வேதியியலில் குழப்பம் முற்றியது. ஆளுக்கோர் அணு எடையைக் கையாண்டனர். அசிட்டிக் அமிலம் என்ற ஒரே சேர்மத்துக்குப் பத்தொன்பது வாய்பாடுகள் வழங்கின. இதற்குத் தீர்வு காண 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலார் கூடினர். அங்கு இத்தாலியரான கன்னிசாரோ, அவகாட்ரோவின் கருதுகோளே குழப்பம் தீர்க்கும் மருந்து என்று வாதிட்டார். அவர் எழுதிய சிறுநூலும் அவையினர்க்கு வழங்கப்பட்டது. பின்னர் அணு எடைகள் ஒழுங்குபட்டன. அக்கூட்டத்தில் பங்கேற்ற மெண்டலீவ், 1869 இல் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார்.

எண் கிடைத்தது

மூலக்கூறுகள் எத்தனை என்ற வினா எஞ்சியிருந்தது. 1865 இல் ஆஸ்திரிய அறிஞர் லாஷ்மிட், காற்று மூலக்கூறின் அளவை முதன்முதலில் மதிப்பிட்டார். பிரெஞ்சு அறிஞர் ழான் பெரின், நீரில் மிதந்த மரப்பிசின் நுண்துகள்களை நுண்ணோக்கியால் எண்ணினார். மேலே செல்லச் செல்ல அவை அருகும் வீதத்திலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். அவ்வெண்ணுக்கு 1909 இல் அவகாட்ரோவின் பெயரையே சூட்டினார்.

இன்று ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என வரையறுக்கப்பட்டுள்ளது. 18 கிராம் நீரில் ஏறத்தாழ இத்தனை மூலக்கூறுகள் உள்ளன. விநாடிக்கு ஒரு கோடி வீதம் எண்ணினாலும் எண்ணி முடிக்க ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் தராசில் 18 கிராம் நீரை நிறுக்கும்போது, அப்பணியை ஒரு நொடியில் முடித்துவிடுகிறார். அவ்வாற்றலை நமக்கு வழங்கியது, வாழ்நாளில் உலகம் செவிசாய்க்காத ஒருவரின் சிந்தனையே ஆகும்.