மால்கம் எக்ஸ்: சிறுபிராயத்துக் காயம்

மால்கம் எக்ஸ் என்றதும் மேடையில் முழங்கும் போராளிதான் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்குள் காயப்பட்ட ஒரு சிறுவன் இருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

1925 மே 19 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசிய கிறிஸ்தவ போதகர். மால்கமுக்கு 4 வயதானபோது லான்சிங்கில் அவர்களது வீடு எரிந்தது. 1931ல் தந்தை டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். காவல்துறை விபத்து என்றது. வெள்ளை இனவெறியர்கள் செய்த கொலை என்றே குடும்பம் நம்பியது. தற்கொலை என்று சொல்லி ஒரு காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. வறுமையோடு தனியாகப் போராடிய தாய் லூயிஸ் மனமுடைந்தார். 1939ல் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட அவர் வெளியே வர சுமார் 24 ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள்.

நன்றாகப் படித்த மால்கம், வழக்கறிஞராக ஆசைப்பட்டார். கறுப்பினத்தவருக்கு அது எட்டாது, தச்சு வேலை பார்க்கலாம் என்று ஆசிரியர் சொன்னதோடு படிப்பில் இருந்த பிடிப்பு விட்டுப்போனது. பிறகு போதை, சூது, திருட்டு. 1946ல், 20 வயதில், சிறை.

சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூட, வளர்ந்த பின் இதயநோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் ஆகியவையும் கூடுகின்றன என்பதை 9,500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 1998ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஓயாத பயத்தில் வளரும் பிள்ளையின் உடலில் பதற்றச் சுரப்பிகள் அடங்குவதில்லை. அது உடலையும் மனதையும் அரிக்கிறது.

ஆனால் காயம் மட்டுமே விதி அல்ல. உடன்பிறந்தோரின் கடிதங்களும் சிறை நூலகமும் மால்கமை மாற்றின. 1952ல் விடுதலையானார். 1964ல் ஹஜ் சென்று, எல்லா நிறத்தவரோடும் ஒரே தட்டில் உண்டபோது மனதின் கசப்பு கரைந்தது. ஆனாலும் வலி முழுதும் போய்விடவில்லை. சுயசரிதைக்காக அலெக்ஸ் ஹேலி தாயைப் பற்றிக் கேட்ட இரவில்தான், அதுவரை இறுகியிருந்த அவர் விடியும்வரை மனம்விட்டுப் பேசினார்.

1965 பிப்ரவரி 14 அன்று அவருடைய பிள்ளைகள் உறங்கிய வீட்டிலும் தீக்குண்டு வீசப்பட்டது. ஒரு வாரத்தில், 39 வயதில், சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெண்மக்களும் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார்கள்.

நம் மஹல்லாக்களிலும் எத்தீம் பிள்ளைகள் உண்டு. அரிசியும் பள்ளிக் கட்டணமும் கொடுக்கிறோம், நல்லதுதான். அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோமா? உடன்பிறந்தோரைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்கிறோமா? மனநோயுற்ற தாயை அவமானமாக நினைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோமா? இவையும் நம் கடமையே. அல்லாஹ் நமக்கு அந்த மனதைத் தருவானாக.