அஸ்காரியின் வளைவு

புதிதாக ஒரு காலனியிற் குடியேறுகின்றவர்கள் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்று, அங்குள்ள மூலை முடுக்குகளுக்குத் தாமாகவே பெயர் சூட்டிக்கொள்வதாகும். நகராட்சியார் பலகையில் எழுதி வைத்துள்ள எண்ணும் எழுத்தும் தபால்காரருக்கே பயன்படும். வீட்டில் உள்ளோர் வேப்பமரத் திருப்பம் என்றும், பால் பூத் மூலை என்றும், மாவு மில் சந்து என்றுமே வழங்குவர். ஆண்டுகள் சில சென்றபின் மரம் வெட்டுண்டு போகும்; கடை இடம் மாறிவிடும்; பெயர் மட்டும் மாறாது நிற்கும். பின்னர் வந்த சிறுவர்கள், மரமே இல்லாத இடத்திற்கு மரத்தின் பெயர் வந்தது எவ்வாறு என வினவுவர்.

மோட்டார் பந்தயத் தடங்களின் வளைவுகளும் இங்ஙனமே பெயர் பெறுகின்றன. மொனாக்கோ நகரத் தெருக்களில் நடைபெறும் பந்தயத்தில் முதல் வளைவு அருகிலுள்ள செயிண்ட் தெவோத் தேவாலயத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. துறைமுகத்தை ஒட்டிய மற்றொரு வளைவோ, அங்கிருந்த புகையிலைக் கடையால் தபாக் எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஒரு வளைவு ஸ்டோ என்னும் பள்ளிக்கூடத்தின் பெயரால் வழங்குகிறது. இத்தாலியின் மோன்ஸாவில் லெஸ்மோ என்பது பக்கத்துச் சிற்றூரின் பெயர். ரோஜ்ஜா என்பது சிறு நீரோடை. பராபோலிக்கா என்பது வளைவின் வடிவத்தைக் குறிக்கும் கணக்கியற் சொல். கோயில், கடை, பள்ளி, ஊர், ஓடை என இவையெல்லாம் நம் காலனிப் பெயர்களைப் போன்றே எளியவை. கேட்பவர் மனத்தில் எவ்வகைத் துயரையும் எழுப்பாதவை.

ஆனால் அதே மோன்ஸாவில் வேறு ஒரு வளைவு உண்டு. பழங்காலத்தில் அதற்கு வியாலோனே என்று பெயர். அரச குலத்தாரின் பூங்காவினூடே சென்ற அகன்ற சாலையைக் குறிக்கும் சொல் அது. 1955ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பெயர் மறைந்து, அஸ்காரி என்னும் பெயர் நிலைத்தது. மண்ணின் பெயர் நீங்கி ஒரு மனிதரின் பெயர் அங்கு வந்து அமர்ந்த வரலாறே ஈண்டுக் கூறப்படுவது.

அல்பெர்த்தோ அஸ்காரி 1918ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் நாள் மிலான் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்தோனியோ அஸ்காரி, ஆல்பா ரோமியோ கார்களை விற்கும் வணிகர். அக்கார்களையே பந்தயத்தில் ஓட்டிப் பெரும் புகழ் பெற்றவருமாவார். 1924ஆம் ஆண்டில் மோன்ஸாவில் இத்தாலியப் பெரும் பந்தயத்தை வென்றவர் அவரே. மோன்ஸாத் தடம் அமைக்கப்பட்டு அப்பொழுது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறுவன் அல்பெர்த்தோ தந்தையின் தோளிலும் மடியிலுமாக அத்தடத்தின் ஓசையைக் கேட்டே வளர்ந்தான்.

1925ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பாரிஸுக்கு அருகிலுள்ள மோன்லேரியில் பிரெஞ்சுப் பெரும் பந்தயம் நடைபெற்றது. முன்னணியிற் சென்றுகொண்டிருந்த அந்தோனியோவின் கார் ஒரு வளைவில் வேலியில் மோதிக் கவிழ்ந்தது. அவர் உயிர் நீத்தார். எஞ்சிய தன் கார்களையும் ஆல்பா ரோமியோ நிறுவனம் அப்பந்தயத்தினின்று விலக்கிக்கொண்டது. அந்தோனியோவுக்கு அப்பொழுது வயது 36. மகனுக்கு ஏழு வயது நிறைந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

இத்தகைய இழப்புக்கு ஆளான இல்லத்தில், அன்னையார் தம் மகனை அத்தொழிலின் நிழலும் படாமல் வளர்க்க விரும்பியிருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! விடுதிப் பள்ளிகளில் அவனைச் சேர்த்தனர். அவனோ அங்கிருந்து ஓடி வந்தான். படிப்பில் மனம் செல்லவில்லை, இயந்திரத்திலேயே சென்றது. இளம் வயதிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயங்களிற் புகுந்து, 1937ஆம் ஆண்டளவில் பியாங்கி நிறுவனத்தின் அணியிற் சேர்ந்தார்.

தந்தையின் நண்பரான என்ஸோ பெராரி, 1940ஆம் ஆண்டில் அல்பெர்த்தோவை ஒரு காரில் அமர்த்தினார். அந்தக் காருக்குப் பெராரி என்னும் பெயர் கிடையாது. ஆல்பா ரோமியோவினின்று விலகியபோது செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நான்கு ஆண்டுக் காலம் தம் பெயரைப் பந்தயத்தில் வழங்கலாகாது என்பது அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு. ஆகவே 815 என்னும் எண்ணே அதன் பெயராயிற்று. பிரெஸியா நகரிற் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் கார் இடைவழியிற் பழுதுற்று நின்றது. சின்னாட்களில் இத்தாலி போரிற் புகுந்தது. பந்தயங்கள் நின்றன.

போர்க்காலத்தில் லூயீஜி வில்லொரேஸி என்னும் ஓட்டுநருடன் கூட்டுச் சேர்ந்து சரக்கு லாரித் தொழில் நடத்தினார். வில்லொரேஸி அவரினும் ஒன்பது வயது மூத்தவர். தமையனைப் போன்று வழிகாட்டியவர். அதற்குள் மணம் புரிந்துகொண்டு, பிள்ளையும் பெண்ணுமாக இரு குழந்தைகளுக்குத் தந்தையுமாகிவிட்ட அல்பெர்த்தோ, போர் முடிந்தபின் மீண்டும் பந்தயத்திற்குச் செல்வதா என்று தயங்கினார். வில்லொரேஸியே ஊக்கம் அளித்து அவரை அழைத்துச் சென்றார். 1947இல் மாசராட்டி காரை ஓட்டத் தொடங்கியவர், 1949இல் பெராரி அணியை அடைந்தார். மகனுக்குத் தந்தையின் பெயரையே சூட்டியிருந்தார்.

அஸ்காரி தோற்றத்திற் பருத்த உடலினர். தோழர்கள் அவரைக் கொழுத்தவர் எனப் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தனர். ஆயினும் கார் ஓட்டுகையில் அவரிடம் பதற்றம் என்பதே காணப்படாது. தொடக்கத்திலேயே முன் சென்றுவிட்டால் பின்னர் அவரைப் பிடிப்பது அரிது என்பதைப் போட்டியாளர் அனைவரும் ஒப்புக்கொண்டனர். 1951இல் ஜெர்மன் பந்தயத்தையும் இத்தாலியப் பந்தயத்தையும் வென்று, உலகப் பட்டத்தில் அர்ஜெண்டீன வீரர் பாஞ்சியோவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார்.

1952ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. ஆல்பா ரோமியோ அணி விலகிவிட்டது; பாஞ்சியோவும் மோன்ஸாவிற் கழுத்தெலும்பு முறிந்து அவ்வாண்டு முழுவதும் ஓய்விலிருந்தார். இவையெல்லாம் அஸ்காரிக்குத் துணையாயின என்பது மெய்யே. எனினும், முதற் பந்தயத்தில் இடம்பெறாது அமெரிக்காவின் இண்டியானாபோலிஸுக்குச் சென்று திரும்பிய அவர், எஞ்சிய ஆறு ஐரோப்பியப் பந்தயங்களையும் ஒன்று விடாமல் வென்றதை வெறும் நற்பேறு என்று தள்ளிவிடல் இயலாது. 1953இல் மேலும் ஐந்து வெற்றிகள். இரண்டாம் முறையும் உலகப் பட்டம் அவருடையதே. இண்டியானாபோலிஸை நீக்கிக் கணக்கிட்டால், அவர் அடுத்தடுத்து வென்றவை ஒன்பது பந்தயங்கள். அக்கணக்கை 2013இல் வெட்டல் எட்டிப் பிடித்தார். 2023இல் வெர்ஸ்டாப்பன் பத்தாவது வெற்றியால் கடந்தார். எழுபது ஆண்டுகள் அஃது எவராலும் கடக்கப்படாதிருந்தது.

இத்துணைத் துணிவுடையவர் சகுனத்திற்கு அஞ்சினார் என்பது வியப்பூட்டும் செய்தி. கரும்பூனை குறுக்கிட்டால் வேறு வழியே செல்வார். 17 என்னும் எண் இத்தாலியர்க்கு ஆகாத எண், அவருக்கும் ஆகாது. தம் நீலத் தலைக்கவசத்தைப் பிறர் தொடுவதை விரும்பார். அதை அணியாமற் பந்தயக் காரில் ஏறவும் மாட்டார். எல்லாவற்றினும் மேலாக, தந்தை மறைந்த 26ஆம் தேதியன்று கார் ஓட்டுவதைத் தவிர்த்து வந்தார். நம் வீடுகளிற் பெரியவர்கள் அட்டமி நவமி பார்ப்பதை எள்ளி நகையாடும் இளைஞர்கள், உலகப் பட்டம் பெற்ற வீரரும் நாள் பார்த்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதனினும் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. தம் குழந்தைகளிடம் அவர் கண்டிப்பு மிகுந்தவராக நடந்துகொண்டார். தம்மீது அவர்கள் அளவுகடந்த பாசம் வைத்துவிட்டால், ஒருநாள் தாம் திரும்பி வராதபோது தாங்கமாட்டார்கள் என்பதே அவர் கூறிய காரணம் என்று என்ஸோ பெராரி பின்னாளிற் பதிவு செய்துள்ளார். ஏழு வயதில் தாம் பட்ட துன்பத்தைத் தம் மக்கள் படலாகாது என்று கருதிய ஒரு தந்தை, அதற்குக் கண்டுபிடித்த வழி அன்பை மறைத்துக்கொள்வதாயிற்று. தொழிலை விட்டுவிடும் எளிய வழியோ அவருக்குப் புலப்படவில்லை. அல்லது புலப்பட்டும் இயலவில்லை.

1954இல் பெராரியை விட்டு லான்சியா நிறுவனத்திற் சேர்ந்தார். புதிய கார் ஆயத்தமாவதற்குள் பந்தயக் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. எனினும் இத்தாலியின் ஊர்ச் சாலைகளிலேயே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடும் மில்லே மிலியா பந்தயத்தை அவ்வாண்டு லான்சியா காரில் வென்றார்.

1955ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் மொனாக்கோவில் பந்தயம். நூறு சுற்றுகளில் எண்பது கடந்துவிட்டன. பாஞ்சியோ முன்னரே விலகிவிட்டார். முன்னணியில் இருந்த மாஸின் காரும் பழுதுற்றது. வெற்றி அஸ்காரிக்கே என்று தோன்றிய அந்த வேளையில், துறைமுகத்தருகே அவருடைய கார் தடம் புரண்டு, தடுப்பைக் கடந்து, கடலில் விழுந்து மூழ்கியது. கூடியிருந்தோர் மூச்சடைத்து நின்றனர். சில நொடிகளில் நீலத் தலைக்கவசம் நீரின்மேல் தோன்றியது. நீந்தி வந்தவரைப் படகில் ஏற்றினர். மூக்கிற் காயமும் உடலிற் சில அடிகளுமே பட்டிருந்தன. அவர் நீரில் விழுந்த இடத்திற்குச் சற்று அப்பால் உள்ள வளைவு இன்றும் புகையிலைக் கடையின் பெயராலேயே வழங்குகிறது. உயிர் தப்பிய இடத்திற்கு உலகம் பெயர் சூட்டுவதில்லை போலும்.

நான்கு நாட்கள் சென்றன. மே 26, வியாழக்கிழமை. இளைய ஓட்டுநராகிய காஸ்டெலோட்டி, தாமும் அஸ்காரியும் கூட்டாக ஓட்ட இருந்த பெராரி காரை மோன்ஸாவிற் சோதித்துக்கொண்டிருந்தார். அதனைக் காண அஸ்காரியும் வந்தார். கார் ஓட்டும் எண்ணத்துடன் வந்தவரல்லர். கோட்டும் டையும் அணிந்திருந்தார். நீலத் தலைக்கவசமும் கையில் இல்லை. விபத்துக்குப்பின் விரைவில் மீண்டும் காரில் அமர்ந்து அச்சத்தை நீக்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் திடீரெனத் தோன்றியது போலும். காஸ்டெலோட்டியின் வெண்ணிறக் கவசத்தை இரவல் வாங்கி அணிந்து, சில சுற்றுகள் மட்டும் ஓட்டி வருவதாகப் புறப்பட்டார்.

மூன்றாம் சுற்றில், வியாலோனே வளைவில், கார் சறுக்கிக் கவிழ்ந்தது. தூக்கியெறியப்பட்ட அஸ்காரி சில நிமிடங்களில் உயிர் துறந்தார். காரணம் இன்னதென்று இன்றளவும் துணியப்படவில்லை. தந்தையைப் போன்றே அவருக்கும் வயது 36. நாள் கணக்கிற் பார்த்தாலும் தந்தையினும் நான்கு நாட்களே மிகுதியாக வாழ்ந்தார். இருவரும் மறைந்த தேதி 26. இருவரும் வீழ்ந்தது ஒரு வளைவில். மிலான் நகரே திரண்டு வந்து துயரத்தோடு வழியனுப்ப, தந்தையின் அருகிலேயே மகனும் அடக்கம் செய்யப்பட்டார். லான்சியா நிறுவனம் சில வாரங்களில் பந்தயத் துறையையே கைவிட்டுத் தன் கார்களைப் பெராரியிடம் ஒப்படைத்தது.

இவ்வொற்றுமைகளைக் கண்டு ஊழ் என்று கூறி அமைந்துவிடுவோர் பலர். ஆனால் ஊழின்மேல் அனைத்தையும் சுமத்துதல் முறையன்று. அக்காலத்து ஓட்டுநருக்கு இருக்கைவார் இல்லை; தடத்தின் ஓரத்தில் மரங்கள் நின்றன; கார் கவிழ்ந்தால் காப்பதற்கு எதுவும் இல்லை. அஸ்காரி மறைந்த இரு வாரங்களுக்குப்பின், ஜூன் 11ஆம் நாள் லெமான் பந்தயத்திற் கார் ஒன்று கூட்டத்தினுட் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே பந்தயத்தில் மனித உயிரின் விலை என்ன என்னும் வினா நாடுகள்தோறும் உரக்க எழுந்தது.

வியாலோனே வளைவு அஸ்காரி வளைவு ஆயிற்று. 1972ஆம் ஆண்டில் அவ்விடத்தின் அமைப்பும் மாற்றப்பட்டது. கார்கள் மிகுந்த வேகத்துடன் பாய்ந்து செல்வதைத் தடுக்கும்பொருட்டு, இடமும் வலமும் இடமுமாக நெளியும் பாதை அங்கு அமைக்கப்பட்டது. பராபோலிக்காவும் 2021இல் மறைந்த ஓட்டுநர் ஆல்பொரேத்தோவின் பெயரைப் பெற்றது.

உலகத்திலேயே மிக விரைவாகக் கார் ஓட்டியவருள் ஒருவரின் பெயர், இன்று காரோட்டிகள் கட்டாயம் வேகத்தைக் குறைக்க வேண்டிய ஓர் இடத்திற்கு அமைந்துள்ளது. அவ்விடத்தை அணுகும் ஒவ்வோர் ஓட்டுநரும், அறிந்தோ அறியாமலோ, அஸ்காரி என்னும் பெயருக்கு முன்னால் தடையை அழுத்துகிறார். தந்தைக்கும் மகனுக்கும் கிட்டாத அந்தச் சில நொடிப் பொறுமையை, அந்த வளைவு பின்வந்த பிள்ளைகளுக்கு வழங்கிக்கொண்டிருக்கிறது. கல்லிற் பொறித்த நினைவுச் சின்னங்கள் பலவற்றினும் இதுவே பொருந்திய நினைவாகும் எனலாம்.