இலையை அளந்த டாக்டர்

சளி பிடிச்சா வீட்டுல துளசியோ ஓமவல்லியோ பறிச்சுத் தர்றாங்க. எவ்வளவுன்னு கேட்டா, ஒரு கைப்பிடி என்பார்கள். ஆனால் எல்லா இலைக்கும் கைப்பிடிக் கணக்கு ஆகாது. சில இலைகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் உயிர் போய்விடும். அப்படி ஓர் இலைக்கு அளவு கண்டுபிடித்தவர்தான் வில்லியம் விதரிங்.

இவர் 1741-ல் இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1766-ல் பட்டம் வாங்கினார். படிக்கும்போது இவருக்குப் பிடிக்காத பாடம் எது தெரியுமா? தாவரவியல்! பிறகு, பூக்களை ஓவியமாக வரையும் ஹெலினா என்ற பெண்ணுக்காகச் செடிகளைத் தேடிப் போனார். செடிகள் மேல் ஆசை வந்துவிட்டது. ஹெலினாவையே திருமணமும் செய்துகொண்டார். 1776-ல் பிரிட்டன் நாட்டுச் செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார்.

1775-ல் ஒரு கைமருந்தைப் பற்றி இவரிடம் கருத்துக் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு பாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. டாக்டர்கள் கைவிட்ட சிலர்கூட அதில் குணமானார்கள். ஆனால் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். அதில் 20-க்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது ஊதா நிறப் பூ பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று விதரிங் கண்டுபிடித்தார். அது நச்சுச் செடி!

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பம். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. கஷாயமாகக் காய்ச்சினால் அளவு நிலையாக இல்லை. கடைசியில், செடி பூக்கும் சமயத்தில் இலையைப் பறித்து, காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, உலர்த்திப் பொடி செய்தார். பெரியவர்களுக்கு வேளைக்கு 1 முதல் 3 கிரெய்ன், தினம் இரண்டு வேளை. 1 கிரெய்ன் என்றால் சுமார் 65 மில்லிகிராம்தான்! வாந்தியோ பேதியோ வந்தாலும், சிறுநீர் நன்றாகப் பிரிந்தாலும், நாடி மெதுவானாலும் மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார்.

10 வருட அனுபவத்தை 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். குணமானவர்களை மட்டும் எழுதியிருந்தால் பெயரும் புகழும் சுலபமாகக் கிடைத்திருக்கும். ஆனால் அவர் குணமாகாதவர்கள், இறந்துபோனவர்கள், ஆரம்பத்தில் தானே அளவு மீறிக் கொடுத்தது என்று எல்லாவற்றையும் எழுதினார். அதைப் படித்த மற்ற டாக்டர்கள் எச்சரிக்கையாக இருக்க அதுதான் உதவியது.

1799-ல் காசநோயால் இறந்தார். பர்மிங்காம் அருகே எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் உள்ள அவர் நினைவுக்கல்லில் அந்தச் செடியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1930-ல் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் இலையிலிருந்து டிகாக்சின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதயத் துடிப்பைச் சீராக்க இன்றும் அதை டாக்டர்கள் தருகிறார்கள்.

நண்பர்களே, நாமும் அறிவியல் கண்காட்சிக்கு இலைச்சாறு எடுத்துச் சோதனை செய்கிறோம். சரியா வராததையும் நோட்டுல எழுதுவோம். தெரியாத இலையை மட்டும் வாயில் வைத்துப் பார்க்கவே வேண்டாம்!